கோமேரின் மௌனமும் சாராவின் பெயரும்: ‘ரிடீமிங் லவ்’ நாவலில் ஓசேயா கதையின் மறுஆக்கம்

திறவுச்சொற்கள்: ஓசேயா, கோமேர், பிரான்சின் ரிவர்ஸ், கிறித்தவ வரலாற்றுக் காதல் புதினம், பெயரிடல், மறுஆக்கம்

விவிலியத்தின் ஓசேயா நூல் 14 அதிகாரங்களைக் கொண்டது. அவற்றுள் முதல் மூன்று மட்டுமே இறைவாக்கினரின் இல்வாழ்க்கையைப் பேசுகின்றன. அவர் மணந்த கோமேர் மூன்று பிள்ளைகளைப் பெறுகிறாள். தன் வாயால் ஒரு சொல்லும் பேசுவதில்லை. காதலரைப் பின்தொடர்வேன் என இரண்டாம் அதிகாரத்தில் வரும் கூற்றும் அவள்மேல் ஏற்றிச் சொல்லப்படுவதேயாகும். அங்குப் பேசுவது கோமேரா, இஸ்ரயேல் நாடா என்று பிரித்தறியவும் இயலாது. மூன்றாம் அதிகாரத்தில் 15 வெள்ளிக்காசும் வாற்கோதுமையும் கொடுத்து மீட்கப்படும் பெண்ணுக்குப் பெயரே இல்லை. அவள் கோமேர்தானா என்பது உரையாசிரியர்களிடையே இன்றும் தீராத வினா.

இம்மௌனத்தைப் புனைவால் நிரப்புகிறது அமெரிக்க எழுத்தாளர் பிரான்சின் ரிவர்ஸின் ‘ரிடீமிங் லவ்’. பொதுச் சந்தைக்கான காதல் புதினங்களை எழுதிவந்த ரிவர்ஸ், 1986இல் கிறித்தவ நம்பிக்கைக்குள் வந்தபின் எழுதிய நாவல் இது. 1991இல் பான்டம் நிறுவனம் இதனை வெளியிட்டது. திருத்திய வடிவத்தை 1997இல் மல்ட்னோமா என்னும் கிறித்தவப் பதிப்பகம் வெளியிட்டது. 2022இல் இது திரைப்படமாகவும் வந்தது. களம் 1850ஆம் ஆண்டையொட்டிய கலிபோர்னியா, பொன்வேட்டைக் காலம். எட்டு வயதில் விற்கப்பட்டு, விலைமகளிர் விடுதிகளில் வளர்ந்த ஏஞ்சல் என்பவளை மணக்குமாறு உழவனான மைக்கேல் ஹொசேயாவுக்கு இறைக்கட்டளை பிறக்கிறது. அவள் வாழும் ஊரின் பெயர் ‘பேர்-அ-டைஸ்’. ஆங்கிலத்தில் அது சூதாட்டக் கட்டைகளையும் விண்ணுலகையும் ஒருசேர ஒலிக்கும். இத்தகைய சிலேடைகளில் ரிவர்ஸுக்கு விருப்பம் சற்று மிகுதி.

மூலக்கதையில் கணவனே தண்டிப்பவனும் அன்பு செய்பவனும் ஆவான். மனைவியின் ஆடையை உரிவேன், வழியை முள்ளால் அடைப்பேன் என்று அச்சுறுத்தும் குரலே, சில அடிகளுக்குப்பின் அவளைப் பாலைநிலத்துக்கு அழைத்துச் சென்று நெஞ்சோடு பேசுவேன் என்கிறது. இவ்வன்முறை உருவகத்தை ரெனிட்டா வீம்ஸ் தம் ‘பேட்டர்டு லவ்’ (1995) நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். ரிவர்ஸ் இக்குரலை இரண்டாகப் பிளக்கிறார். வன்முறை முழுவதும் ஏஞ்சலை விலைக்கு வாங்கிய டியூக் முதலியோர்பால் சேர்கிறது. பொறுமை முழுவதும் மைக்கேலுக்கு. காதல் புதினத்திற்கு இப்பிளவு தேவைப்படுகிறது. அடிக்கும் நாயகனை அவ்வகைமையின் வாசகர் இன்று ஏற்கமாட்டார். ஆயினும் மூலத்தின் சிக்கல் முற்றும் நீங்கிவிடவில்லை. அடியுண்டு நினைவு மங்கிக் கிடக்கும் பெண்ணிடமே மைக்கேல் திருமண இசைவைப் பெறுகிறான். அதனை மீட்பின் தொடக்கமாகக் காட்டும் நாவல், அவ்விசைவு இசைவுதானா என்று கேட்பதில்லை.

நாவலின் உண்மையான வலிமை பெயரிடலில் உள்ளது. ஓசேயா நூலில் பெயர்கள் தீர்ப்புகள். மூத்த மகனின் பெயர் யெஸ்ரயேலில் சிந்தப்பட்ட இரத்தத்தை நினைவூட்டுகிறது. அடுத்த இருவரும் ‘இரக்கம் பெறாதவள்’, ‘என் மக்கள் அல்ல’ எனப்படுகின்றனர். பின்னர் அப்பெயர்கள் அருளாக மாற்றப்படுகின்றன. பிள்ளைகள்மேல் நிகழ்ந்த இந்நாடகத்தை ரிவர்ஸ் தாயின்மேல் நிகழ்த்துகிறார். ‘ஏஞ்சல்’ தொழிலுக்கு இடப்பட்ட பெயர். மைக்கேல் அவளை மாரா, அமந்தா, தீர்சா என்று அழைக்கிறான். இவற்றுள் ‘மாரா’ கூர்ந்து நோக்கத்தக்கது. ரூத்து நூலில் நகோமி தன் கசப்பைத் தானே அறிவிக்கத் தேர்ந்துகொண்ட பெயர் அது. நாவலிலோ பெண்ணின் கசப்புக்கும் ஆணே பெயரிடுகிறான். அன்பினால் இடப்பட்டதெனினும் அதுவும் பிறர் சூட்டிய பெயரே. அவளோ தன் பிறப்புப் பெயரை அவனிடம் மறைத்தே வைத்திருக்கிறாள். உடலையும் உழைப்பையும் பிறர் எடுத்துக்கொண்டபின் அவளிடம் எஞ்சிய ஒரே உடைமை அது.

ஆகவே அவள் இறுதியாக நீங்கும் பகுதி முதன்மை பெறுகிறது. முன்பு அவள் நீங்கியபோது மைக்கேல் தேடிச்சென்று அழைத்துவந்தான். அது ஓசேயாவின் வழி. இம்முறை அவன் செல்லவில்லை. அவள் சான் பிரான்சிஸ்கோவில் தன்னைப் போன்ற பெண்களுக்குப் புகலிடம் அமைத்து வாழ்கிறாள். மூன்றாண்டுகளுக்குப்பின் மைக்கேலின் மைத்துனன் பால் அவளைக் காண்கிறான். திரும்பும் முடிவு அவளுடையது. வந்து நின்று, தன் பெயர் சாரா என்கிறாள். விவிலியத்தில் விலை கொடுத்து முடிந்த மீட்பு இங்குப் பெயர் கொடுத்து முடிகிறது, கொடுப்பவள் பெண். கோமேருக்கு மறுக்கப்பட்ட சொல் இதுவே.

இவ்வெற்றியை ரிவர்ஸ் தாமே சிறிது குறைத்துவிடுகிறார். தொடக்கநூலின் சாரா முதுமையில் மகவு பெற்றதுபோல, மகப்பேற்றை இழந்தவளாகக் கூறப்பட்ட இச்சாராவுக்கும் முடிவுரைப் பகுதியில் பிள்ளைகள் பிறக்கின்றனர். பெயரைச் சொன்னதே போதுமானதாக இருந்திருக்கும்.

மற்றோர் இழப்பு நிலத்தைச் சார்ந்தது. ஓசேயாவின் குற்றச்சாட்டு நாட்டின்மீதே விழுகிறது. நான்காம் அதிகாரத்தில் நிலமே புலம்புகிறது. நாவலில் நிலம் மைக்கேலின் நேர்மையான உழைப்புக்குக் கிடைத்த பரிசு மட்டுமே. கலிபோர்னியா மாநிலமான அதே 1850இல், தொல்குடியினரைக் கட்டாய உழைப்புக்கு உட்படுத்த வழிசெய்த சட்டமும் அங்கு இயற்றப்பட்டது. உருவகத்தின் அரசியலை இல்லறமாகச் சுருக்கியபோது, அந்நிலம் யாருடையது என்ற வினா கதைக்கு வெளியே நின்றுவிட்டது.