பத்துக்கு ஆறு

ஹார்ட்வேர் கடைகளில் சாத்தி வைத்திருக்கும் பிவிசி பைப்பின் பிறப்பு டைகுளோரோஈத்தேனில். அதைச் சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு கழன்று, பிவிசிக்கு மூலமான வினைல் குளோரைடு மிஞ்சும். தொழிற்சாலை உலையில் இதைப் பெரிதும் ஓட்டுவது குளோரின் அணுக்களின் சங்கிலி வினை. ஆனால் அந்த அணுக்களின் துணை இன்றி, மூலக்கூறு சூட்டினால் மட்டும் எப்படி உடைகிறது? பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராஜகுமார், ரெட்டி, அருணன் மூவரும் இதை அளந்து 2002-இல் வெளியிட்டார்கள்.

கருவி, அதிர்ச்சி அலைக் குழாய். அழுத்தம் தாங்காமல் நடுத்தகடு கிழியும், அலை பாய்ந்து வாயுவை நொடிப்பொழுதில் 1050 முதல் 1175 கெல்வின் வரை ஏற்றும், உடனே குளிரும். கிடைத்த கிளர்வு ஆற்றல் 57.8 கிலோகலோரி, பிழை இரண்டு. அதிர்வெண் காரணி 10-இன் 13.98 அடுக்கு, அடுக்கில் பிழை 0.80, அதாவது மேலும் கீழும் ஆறு மடங்கு. வெறும் 125 டிகிரி அகலத்தில் அளந்தால் இப்படித்தான் வரும். அந்தச் சூட்டில் வினையின் வேகத்தை நம்பலாம். அதைக் காரணி, ஆற்றல் என்று பிரிக்கும்போதுதான் கை நடுங்குகிறது.

அவர்களே செய்த கணக்கீடு சொன்ன காரணியோ 10-இன் 15 அடுக்கு. இடைவெளி பத்து மடங்கு, பிழை ஆறு மடங்கு. ஆக, முரண்பாடு உண்மைதான், மயிரிழையில். மூலக்கூறின் முறுக்கத்தைத் தடையற்ற சுழற்சியாக வைத்துக்கொண்டால் இடைவெளி மூடிவிடுகிறது என்கிறார்கள். இங்கேதான் எனக்கு இடிக்கிறது. இரண்டு குளோரின்களும் நேருக்கு நேர் வரும் நிலையைத் தாண்டப் பல கிலோகலோரி வேண்டும். 1100 கெல்வினில் வெப்பம் தரும் அளவு இரண்டைச் சற்றே தாண்டும். அது தடைபட்ட சுழற்சி. விடை பொருந்துகிறது என்பதற்காக வழியையும் ஒப்புக்கொள்ள முடியாது.

கிளர்வு ஆற்றலிலும் இதே கதை. அடர்த்திச் சார்பியக் கணக்கு டைகுளோரோஈத்தேனுக்கு அச்சாகப் பொருந்தியது. ஒரு குளோரின் குறைந்த எத்தில் குளோரைடுக்கோ சோதனை மதிப்பைவிட 4.5 கிலோகலோரி குறைந்தது. பொருத்தம் தற்செயலோ என்று ஆசிரியர்களே கேள்விக்குறி போட்டிருக்கிறார்கள். அந்த நேர்மைக்கு ஒரு சபாஷ்.

கூடுதல் குளோரின் தடையை உயர்த்தும் என்பது எல்லாக் கணக்குகளும் சொல்வது. இரண்டு மூலக்கூறுகளுக்கும் ஏறக்குறைய ஒன்றே என்கிறது சோதனை. பிழையே இரண்டு கிலோகலோரி என்கையில் சிறு உயர்வை அது மறுக்கவும் முடியாது.

என் தீர்ப்பு: அளவீட்டுக்கு முழு மதிப்பெண். விளக்கத்துக்குப் பாதிதான், தடைபட்ட சுழற்சியாகவே கணக்கிட்டு, குழாயிலும் வெப்ப எல்லையை விரித்து அளக்கும்வரை.