கனவில் விழிக்கும் வித்தை: ஒரு மதிப்பீடு

கனவு ஓடிக்கொண்டிருக்கும்போதே 'இது கனவு' என்று அறிவதை ஆங்கிலத்தில் லூசிட் ட்ரீம் என்கிறார்கள். இங்கே அதைத் தெளிகனவு என்று குறிக்கிறேன். அது தானாக வாய்ப்பது பற்றி வழக்கில்லை. ஐம்பது ஆண்டுக் கால ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வந்த மதிப்பீட்டின்படி, வாழ்நாளில் ஒருமுறையாவது இதை அனுபவித்தவர்கள் 55 விழுக்காடு. மாதம் ஒருமுறையேனும் காண்பவர்கள் 23 விழுக்காடு. வழக்கு வேறிடத்தில் இருக்கிறது. தானாக வருவதைப் பயின்று வரவழைக்க முடியுமா? முடியும், யாராலும் முடியும் என்று நூல்களும் கைப்பேசிச் செயலிகளும் உறுதி கூறுகின்றன. இந்த உறுதிமொழியையே இங்கு எடைபோடுகிறோம்.

இதற்கு பெங்களூருவைக் களமாகக் கொள்வது பொருந்தும். தெளிகனவை மையமாக வைத்த 'லூசியா' இந்த ஊர்ப் படம். தியானமும் உறக்கமும் சந்திக்கும் இடத்தை மின்முனைகள் பொருத்தி அளந்த ஆய்வகம் ஓசூர் சாலையில், நிம்ஹான்ஸில் இருக்கிறது. இவ்வித்தைக்குத் தேவையான மூலப்பொருளான நீண்ட உறக்கம் அரிதாகிவிட்டதும் இந்த நகரில்தான்.

மூன்று அளவுகோல்கள் போதும். ஒன்று, மெய்ப்பிப்பு: கனவு கண்டவரின் வாய்மொழிக்கு வெளியே சான்று உண்டா? இரண்டு, கைமாறும் தன்மை: ஒருவருக்குக் கைவந்தது, முறையாகக் கற்பித்தால் இன்னொருவருக்கு வருமா? மூன்று, வரவு-செலவு: கிடைப்பது, கொடுப்பதற்கு ஈடாகுமா?

முதல் அளவுகோலில் இத்துறை நன்றாகவே தேறுகிறது. கனவு செறிந்திருக்கும் ரெம் உறக்கத்தில் உடல் தசைகள் செயலிழந்து கிடக்கும். கண் தசைகளுக்கு விலக்கு உண்டு. அந்த விலக்கைச் சான்றாக்கியதில்தான் நுட்பம் இருக்கிறது. 1975இல் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன், கனவில் தெளிவு வந்ததும் கண்ணை இடமும் வலமுமாக முன்கூட்டிப் பேசிவைத்தபடி அசைக்கச் சொன்னார். ஆலன் வொர்ஸ்லி உறங்கியபடியே அசைத்தார்; கருவி பதிந்தது. ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபெர்ஜ் தனியே இதே வழியில் அதே முடிவுக்கு வந்தார். தாடைத் தசையின் கோடு தட்டையாக ஓட, கண்ணசைவின் கோடு மட்டும் எண்ணி வைத்தாற்போல் ஏறி இறங்குவதை அந்தப் பதிவுத்தாளில் பார்ப்பவருக்கு ஐயம் எழ இடமில்லை.

2021இல் நான்கு நாடுகளின் ஆய்வகங்கள் இன்னும் ஒரு படி ஏறின. உறங்குபவரிடம் 'எட்டில் ஆறு போனால்?' என்று கேட்டார்கள். கண் இருமுறை இடவலமாக அசைந்தது. சாதனைதான். ஆனால் கணக்கை முழுதாகப் பார்க்க வேண்டும். 36 பேர் பங்கேற்ற ஆய்வில் 158 முறை கேட்டதில் சரியான விடை 18.4 விழுக்காடு, பாதிக்கும் மேற்பட்ட முறை பதிலே இல்லை. 'கனவிலிருப்பவருடன் உரையாடினார்கள்' என்ற தலைப்புச் செய்தி பொய்யில்லை. எத்தனை முறை முயன்றதில் இத்தனை என்பதை அது சொல்லவில்லை. தெளிகனவு என்ற நிகழ்வு உண்மை, அதைப் பிடிப்பது அரிது. இவ்விரண்டையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

இரண்டாம் அளவுகோலில் சரிவு தொடங்குகிறது. கற்பிக்கும் முறைகளில் மூன்று பெயர் பெற்றவை. பகலில் அவ்வப்போது 'இது கனவா?' என்று சோதித்துப் பழகுவது முதலாவது. ஐந்து மணி நேர உறக்கத்துக்குப் பின் அலாரம் வைத்து எழுந்து, சிறிது நேரம் விழித்திருந்து, மறுபடி படுப்பது இரண்டாவது. அப்படிப் படுக்கையில், கடைசியாகக் கண்ட கனவை மனத்தில் ஓட்டி, 'அடுத்த முறை கனவு காணும்போது அது கனவென்று நினைவு கொள்வேன்' என்று உருப்போடுவது மூன்றாவது. லபெர்ஜ் வகுத்த இம்முறையை மைல்ட் என்பார்கள். மூன்றாவதன் அடிப்படை உறுதியானது. எதிர்காலத்தில் செய்ய வேண்டியதை நினைவில் இருத்தும் திறனையே அது பயன்படுத்துகிறது. மந்திர வாசகம் எதையும் அது நம்பியிருக்கவில்லை. முதலாவதற்கு அந்த உறுதி இல்லை. பகல் பழக்கம் இரவில் தானாகத் தொடரும் என்பது ஓர் ஊகம். தனியாகச் சோதித்தபோது அது பயன் தரவில்லை.

தெளிகனவு பயின்றால் வரும் திறன் என்று தலைப்பிலேயே கூறிய லபெர்ஜின் 1980ஆம் ஆண்டுக் கட்டுரை ஒரே ஒருவரின் அனுபவத்தை வைத்து எழுதப்பட்டது. அந்த ஒருவரும் அவரேதான். முன்னோடியின் துணிவு பாராட்டுக்குரியது. 'யாராலும் முடியும்' என்ற பொதுவிதிக்கு அதை அடிக்கல்லாக்கியது பின்வந்தவர்களின் பிழை. 2012இல் ஸ்டம்பிரிஸும் உடனாய்வாளர்களும் 35 ஆய்வுகளைச் சலித்தெடுத்து, எந்த முறையும் நம்பகமாகவும் தொடர்ச்சியாகவும் பலன் தரவில்லை என்ற முடிவுக்கு வந்தார்கள். ஆய்வுகளின் தரமும் பெரும்பாலும் தாழ்ந்திருந்தது.

பிறகு நிலைமை சற்றுத் தேறியது. 2017இல் அடிலெய்டில் டென்ஹோம் ஆஸ்பி, மூன்று முறைகளையும் சேர்த்து 47 பேருக்கு ஒரு வாரம் பயிற்சி தந்தார். ஏறத்தாழ 17 விழுக்காடு முயற்சிகளில் தெளிகனவு வந்தது. உருப்போட்ட ஐந்து நிமிடத்துக்குள் உறங்கிவிட்டவர்களுக்கு அது 46ஐ நெருங்கியது. அளவான, நேர்மையான முடிவு. அதன் எல்லைகளும் தெளிவானவை. பங்கேற்றவர்கள் ஆர்வத்தால் தாமாக வந்தவர்கள். சான்று அவர்கள் எழுதிய குறிப்பு, ஆய்வகத்தின் கண்பதிவு அன்று. 46 என்ற எண்ணையும் ஊன்றிப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் மறுபடி உறங்கிப்போவது நல்ல உறக்கம் வாய்த்தவர்களால் ஆவது. அப்படியானால் அந்த எண் முறையின் வலிமையைக் காட்டுகிறதா, மாணவரின் உடல்வாகைக் காட்டுகிறதா? இரண்டையும் அது பிரித்துத் தரவில்லை.

மருந்தின் வழியும் உண்டு. அல்சைமர் நோய்க்குத் தரப்படும் கேலன்டமைனை 121 பேருக்குக் கொடுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், வெற்று மாத்திரைக்கு 14 விழுக்காடு, நான்கு மில்லிகிராமுக்கு 27, எட்டுக்கு 42 என்று பலன் ஏறியது. இவ்வளவு ஒழுங்கான ஏறுமுகம் இத்துறையில் அரிது. ஆனால் அவர்கள் ஏற்கெனவே பயிற்சிக்கு வந்து சேர்ந்த ஆர்வலர்கள். மாத்திரையோடு மைல்ட் முறையையும் கைக்கொண்டவர்கள். குமட்டலும் இதயத்துடிப்புத் தளர்வும் தரக்கூடிய மருந்தைக் கனவுக்காக விழுங்குவது மருத்துவரின் கண்பார்வைக்கு வெளியே செய்யத் தக்கதும் அன்று.

தியானம் பழகினால் தெளிகனவு வரும் என்ற கூற்று பெங்களூருவுக்கு நெருக்கமானது. நிம்ஹான்ஸ் நரம்புடலியங்கியல் துறையில் பிந்து குட்டியின் குழு, விபாசனா பயில்வோரின் இரவு உறக்கத்தை முழுமையாகப் பதிவுசெய்து 2006 முதல் வெளியிட்ட ஆய்வுகள் இத்துறைக்கு இந்தியா தந்த திடமான பங்களிப்புகளில் அடங்கும். வயது ஏற ஏறக் குறையும் ஆழ் உறக்கம் தியானம் பயில்வோரிடம் அவ்வளவாகக் குறையவில்லை. ரெம் உறக்கம் கூடுதலாக இருந்தது. வாய்மொழியை நம்பாமல் கருவியை நம்பியது இவற்றின் நிறை. நெடுங்காலம் தியானம் செய்தவர்களையும் செய்யாதவர்களையும் ஒரே காலத்தில் ஒப்பிட்டது எல்லை: தியானம் உறக்கத்தை மாற்றியதா, அப்படிப்பட்ட உறக்கம் உள்ளவர்களே தியானத்தில் நிலைத்தார்களா என்பதை இவ்வடிவத்தால் பிரிக்க இயலாது. இவை உறக்கத்தின் கட்டமைப்பை அளந்தவை. ரெம் கூடியது என்ற முடிவிலிருந்து கனவில் விழிப்பு கூடியது என்று தாவுபவர்கள், ஆய்வு சொல்லாததை அதன் வாயில் திணிக்கிறார்கள்.

அந்தத் தாவலை நேரடியாகச் சோதித்தவர் அமெரிக்காவின் பெஞ்சமின் பேர்ட். 2019இல் வெளியான அவருடைய ஆய்வில், நெடுநாள் தியானம் செய்வோர் மற்றவர்களைவிட அதிகமாகத் தெளிகனவு கண்டார்கள். எட்டு வார மனக்கவனப் (மைண்ட்ஃபுல்னெஸ்) பயிற்சி முடித்தவர்களிடம் எந்த உயர்வும் இல்லை. பல ஆண்டுச் சாதகத்தோடு சேர்ந்து வருவதை இரண்டு மாத வகுப்பில் கட்டணம் வாங்கித் தர இயலாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

மரபைத் துணைக்கு அழைப்பவர்களின் வாதமும் ஆராயத் தக்கது. நனவு, கனவு, உறக்கம், அவற்றைக் கடந்த நான்காம் நிலை என மாண்டூக்கிய உபநிடதம் வகுத்தது. சைவ சித்தாந்தம் துரியாதீதத்தையும் சேர்த்து அவத்தைகளை ஐந்தாக்கியது. பெங்களூரு அறிஞர் கே. ஏ. கிருஷ்ணசுவாமி ஐயர் 1930இல் வெளியிட்ட 'வேதாந்தா ஆர் த சயன்ஸ் ஆஃப் ரியாலிட்டி', நனவு, கனவு, உறக்கம் மூன்றையும் சமதட்டில் வைத்து ஆராயும் முறையை வேதாந்தத்தின் முதுகெலும்பாக்கியது. 1961 முதல் கர்நாடகத்தின் பைலகுப்பேயில் குடியமர்ந்த திபெத்தியரின் மரபிலோ கனவு யோகம் ஒரு முறையான சாதனை. இவற்றின் செறிவை மறுப்பதற்கில்லை. ஆனால் இவற்றின் இலக்கு கனவை ஆள்வதன்று. கனவைப் போலவே நனவின் மீதுள்ள பிடியையும் தளர்த்துவது. பறக்கவும் விரும்பியவரைச் சந்திக்கவும் கனவைப் பழக்கும் வகுப்பு மாண்டூக்கியத்தை மேற்கோள் காட்டினால், அது மரபின் மதிப்பைக் கடன் வாங்கி மரபின் நோக்கத்தைக் கைவிடுகிறது.

'லூசியா'வை இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம். பவன் குமார், நூற்றுக்கும் மேற்பட்ட பார்வையாளர்களின் முதலீட்டைத் திரட்டி எடுத்து 2013இல் வெளியிட்ட கன்னடப் படம். 2015இல் தமிழில் 'எனக்குள் ஒருவன்' ஆனது. உறக்கம் வராத திரையரங்கப் பணியாளன் நிக்கி, இருட்டில் டார்ச் அடித்து இருக்கை காட்டுபவன், ஒரு மாத்திரையால் இரவுதோறும் நட்சத்திரமாக வாழ்கிறான். ஏழ்மை வண்ணத்திலும் புகழ் கறுப்பு வெள்ளையிலும் வருகின்றன. அந்த நிறத்தேர்வே படத்தின் விடுகதைக்குத் திறவுகோல் என்பது இறுதியில்தான் புரிகிறது. வடிவ ஒத்திசைவில் அண்மைக் கன்னடத் திரையின் உயர்ந்த முயற்சிகளில் ஒன்று. தெளிகனவின் சித்திரிப்பு என்ற வகையில் அது பலவீனமானது. அங்கே கனவு, நேற்று விட்ட இடத்தில் இன்று தொடர்கிறது. உள்ளே இருப்பவன் அதைக் கனவென்று அறிந்து நடப்பது கதையின் ஆதாரமாக இல்லை. தெளிகனவின் உயிர்நாடியான அந்த அறிதலை விட்டு, விரும்பிய வாழ்வு என்ற அதன் விளம்பரத்தை மட்டும் படம் எடுத்துக்கொண்டது. கலைக்கு இது குற்றமாகாது. படத்தைப் பார்த்துவிட்டு மாத்திரை தேடுபவருக்கு அது தவறான வழிகாட்டி.

மூன்றாம் அளவுகோல் வரவு-செலவு. வரவில் முதலிடம் கொடுங்கனவுச் சிகிச்சைக்கு. அமெரிக்க உறக்க மருத்துவக் கழகம் 2018இல் தெளிகனவுச் சிகிச்சையைப் 'பயன்படுத்தலாம்' என்ற பட்டியலில் வைத்தது. பரிந்துரையாக முன்வைத்ததோ கொடுங்கனவின் கதையைப் பகலில் மாற்றி எழுதி ஒத்திகை பார்க்கும் முறையை. நெதர்லாந்தில் ஸ்போர்மாக்கரின் 2006ஆம் ஆண்டு ஆய்வில் தெளிகனவுப் பயிற்சி பெற்றவர்களுக்குக் கொடுங்கனவுகள் குறைந்தன. ஆனால் குறைவதற்குத் தெளிவு வந்தே ஆகவேண்டும் என்றிருக்கவில்லை. வரவு உண்டு, அது தெளிவின் கணக்கிலேயே முழுதும் சேருமா என்பது தீராத கேள்வி.

செலவுக் கணக்கு இந்த நகரில் கடுமையானது. ரெம் உறக்கம் இரவின் கடைசிப் பகுதியில் அடர்கிறது. கையில் எடுக்கப்படும் பயிற்சிகளும் அந்தப் பகுதியைத்தான் குறிவைக்கின்றன. நள்ளிரவு தாண்டிப் படுத்து ஆறு மணிக்கு எழுந்து வைட்ஃபீல்டுக்கோ எலக்ட்ரானிக் சிட்டிக்கோ வண்டி பிடிப்பவருக்கு, ஐந்து மணி நேரத்துக்குப் பின் அலாரம் என்றால் எஞ்சுவது அதிகம் போனால் ஒரு மணி நேரம். அதில் அரைமணி விழித்திருக்கச் சொல்கிறது முறை. அமெரிக்க நேரத்தில் வேலை முடித்து விடியலில் படுப்பவருக்கு அதுவும் இல்லை. நூறு இரவு, இரவுக்கு ஒன்பது மணி நேரம் உறங்கினால் ஒரு லட்சம் ரூபாய் என்று இங்குள்ள மெத்தை நிறுவனமான வேக்ஃபிட் 2019இல் அறிவித்தபோது ஊரே பேசியது. உறக்கமே பரிசுக்குரிய அருஞ்செயலாகிவிட்ட இடத்தில், உறக்கத்தை இரண்டாகப் பிளக்கும் பயிற்சியை நலவாழ்வு என்று விற்பது முரண். இவ்வாறு உறக்கத்தை இடையில் முறிப்பதும் ரெம் நிலைக்கு விழிப்பைப் புகுத்துவதும் நலம்தானா என்ற கேள்வியை 2019இல் ஆய்வாளர்கள் வாலாவும் ரூபியும் பொறுப்போடு எழுப்பினார்கள். பயிற்சி நூல்களில் பெரும்பாலானவை அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஆக, தீர்ப்பு இது. மெய்ப்பிப்பில் தெளிகனவு ஆய்வு முதல் தரம். அகவுணர்வைப் புறச்சான்றாக்கிய அரிய துறைகளில் ஒன்று. கைமாறும் தன்மையில் இடைத்தரம்: மைல்ட் முறைக்குச் சான்று உண்டு, அது சிலருக்கு, சில இரவுகளில் பலிக்கிறது, மற்றவற்றுக்குத் தனித்து நிற்கும் வலு இல்லை. வரவு-செலவில், கொடுங்கனவால் வருந்துபவர் மருத்துவத் துணையோடு முயல்வதற்கு நியாயம் உண்டு. எட்டு மணி நேரம் உறங்க வசதியுள்ள ஆர்வலர் விடுமுறை நாட்களில் முயன்று பார்ப்பதிலும் தவறில்லை. உறக்கக் குறைவில் இருப்பவருக்கு இது பரிந்துரைக்கத் தக்கதன்று. 'யாராலும் முடியும்' என்ற உறுதிமொழி இன்றைய சான்றுகளின் முன் நிற்கவில்லை; அந்தச் சொற்களோடு கட்டணம் கேட்கும் எந்த வகுப்பிடமும், எத்தனை மாணவர்களுக்கு எத்தனை இரவுகளில் பலித்தது, அதை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று கேளுங்கள். கணக்கு வராவிட்டால் பணம் கட்ட வேண்டாம்.