அழுக்காறும் ஆராய்ச்சியும்

பொறாமை கொள்ளாதே என்னும் பழைய அறிவுரை பெரும்பாலும் இல்லாதவனை நோக்கியே கூறப்படுகிறது. உள்ளவனுடைய செல்வம் வந்த வழியை அவன் வினவினால், அவ்வினாவுக்கே அழுக்காறு என்று பெயர் சூட்டிவிடுகிறார்கள். திருக்குறளின் பதினேழாம் அதிகாரமாகிய அழுக்காறாமை இதற்கு இடந்தருகிறதா?

அவ்வதிகாரத்தின் 166ஆம் குறள், வறியவர்க்குப் பிறர் கொடுப்பதைக் காணப் பொறாதவனையே கடிகின்றது. 169ஆம் குறளோ, பொறாமை நெஞ்சினனின் ஆக்கமும் செம்மையாளனின் கேடும் ஆராயத்தக்கவை என்கிறது. உரையாசிரியர் பரிமேலழகர் இவ்வாராய்ச்சியைப் பழவினையின்பால் திருப்பிவிடுகிறார். வள்ளுவர் திறந்து வைத்த வினா அங்கே அடைபடுகிறது.

ஈழத்தின் திருகோணமலைத் துறைமுகத்தை எண்ணிப் பாருங்கள். 1782 ஜனவரியில் ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயர் அதனைப் பறித்தனர். அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக்காரர் ஆங்கிலேயரிடமிருந்து பறித்தனர். 1795இல் அது மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. அவர்களது கடற்படைத் தளம் 1957இல்தான் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. ஒருவர் ஆக்கத்தை மற்றவர் பொறாத இப்போட்டியில் வெற்றி தேடித் தந்தது பழவினையா, பீரங்கியா? அக்கரையில் வலை வீசியவனும் மூட்டை சுமந்தவனும் எவர்மீது பொறாமை கொண்டு வறியராயினர்?

அழுக்காறாமையை அடுத்து வள்ளுவர் வைத்த அதிகாரம் வெஃகாமை. பிறர் பொருளைக் கவர விரும்பாமை. முன்னதை ஏழைக்கு ஓதிப் பின்னதைச் செல்வனிடம் மறைப்பது அறமன்று. உடனுழைப்பவன் உயர்வு கண்டு புழுங்குவதை நாம் விட்டொழிக்கத்தான் வேண்டும். அப்புழுக்கம் உழைப்போரைப் பிரிக்கும் நஞ்சு. ஆனால், தீயவன் வாழ்வதும் நல்லவன் தாழ்வதும் ஏன் என்று ஆராய்வதை விடலாகாது. அது அழுக்காறன்று, வள்ளுவர் நமக்கு விட்டுச்சென்ற கடமை.