கேட்ட தமிழும் எழுதிய தமிழும்

தோப்பில் முஹம்மது மீரானின் நாவல்களைப் பற்றி எழுத முற்படுவோர் பெரும்பாலும் அவருடைய வட்டார வழக்கை வியந்துவிட்டு, பின் கதைச் சுருக்கத்துக்குச் சென்றுவிடுகின்றனர். அந்த வழக்கு தாளில் ஏறிய விதமே அவருடைய கலையின் போக்கைத் தீர்மானித்தது என்பது போதிய அளவு பேசப்படவில்லை.

மர்ஹூம் மீரான் 1944இல் தேங்காப்பட்டணத்தில் பிறந்தார். அக்கடற்கரை ஊர் அன்று திருவிதாங்கூரின் ஆளுகையில் இருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பரில் தமிழகத்தோடு இணைந்தபோது அவருக்கு வயது 12. பள்ளியில் மலையாளம், வீட்டிலும் தெருவிலும் தமிழ். எனவே தமிழ் அவருக்குச் செவிவழி மொழியாகவே வாய்த்தது. நெஞ்சில் தமிழாக எழுந்ததை அவர் மலையாள எழுத்தில் எழுத, அதனைப் பிறர் தமிழ் எழுத்துக்கு மாற்றித் தர, அதன் பின்னரே அச்சேறியது. இதனை ஒரு விந்தைச் செய்தியாகக் கூறுவோர், நம் முன்னோர் தமிழை அரபு எழுத்தில் எழுதி அர்வி இலக்கியம் வளர்த்ததை மறந்துவிடுகின்றனர். எழுத்து வேறு, மொழி வேறு என்பது நம் சமூகத்துக்குப் பழக்கமான செய்திதான்.

இதனால் விளைந்த நன்மை பெரிது. பாடநூல் தமிழின் மிடுக்கு அவரை அண்டவில்லை. குடும்பத்தாரும் ஊர்ப் பெரியவர்களும் சொல்லக் கேட்ட கதைகள், சொல்லிய குரலோடேயே எழுத்துக்குள் வந்து சேர்ந்தன. ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் வடக்கு வீட்டு அகமது கண்ணு முதலாளியின் ஆணவமும், அவருக்கு வளையாத சுறாப்பீலி வணிகர் மஹ்மூதின் நிமிர்வும் வருணனையால் நிறுவப்படவில்லை, பேச்சினாலேயே நிற்கின்றன.

அந்நாவல் முதலில் ‘முஸ்லிம் முரசு’ இதழில் தொடராக வெளிவந்து, 1988இல் நூலாயிற்று. இந்த வரிசை முக்கியமானது. வீட்டுக் குறையை அயலார் முன் அம்பலப்படுத்தினார் என்று அவரைக் குறைகூறியோர் உண்டு. ஆனால் அவர் முதலில் பேசியது தம் மக்களிடமே. ஆங்கிலப் பள்ளியைத் தடுக்கும் முதலாளியும், மக்களின் பேதைமையில் பிழைக்கும் தங்ஙளும் அங்கே தோலுரிக்கப்படுகின்றனர்; ஈமான் அன்று. இவ்வேறுபாட்டைக் காணாத வாசிப்பு, முதலாளியையும் மார்க்கத்தையும் ஒன்றாக்கிவிடுகிறது. முதலாளி விரும்பியதும் அதைத்தானே!

திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் மொத்த வணிகம் செய்துகொண்டே அவர் எழுதினார். ‘துறைமுகம்’, ‘கூனன் தோப்பு’ ஆகியவற்றுக்குப் பின் வந்த ‘சாய்வு நாற்காலி’ 1997இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. என் கணிப்பில் அவருடைய உச்சம் இதுவே. முதல் நாவலில் குடும்ப நினைவு என்பது ஒடுக்கப்பட்டவனின் சாட்சியம். இங்கோ அது முஸ்தபாக்கண்ணுவின் கையில் அழுகிய முதுசம். சௌதா மன்ஸிலின் பொருள்களை ஒவ்வொன்றாக விற்றுத் தின்னும் அம்மனிதர், குலப் பெருமையை மட்டும் விற்க மறுக்கிறார். வாங்குவார் இல்லாத சரக்கு அது ஒன்றுதான். கொடுமையும் நகைப்பும் ஒரே வாக்கியத்தில் கூடும் இடங்கள் இந்நாவலில் பல.

2008இல் வந்த ‘அஞ்சுவண்ணம் தெரு’ கட்டுக்கோப்பில் தளர்ந்தது. தனித்தனிக் கதைகளாய்ச் சிதறுகிறது. எனினும் பழைய தெருவின் மாலைப் பாடல்களும் கராமத்துக் கதைகளும், புதிதாய் வந்த சீர்திருத்தக் குரலின் முன் வாயடைத்துப்போவதை அது பதிவு செய்கிறது. அவர் பழமையின் பக்கம் சாய்ந்துவிட்டார் என்று கூறுதல் எளிது. முதல் நாவலில் மூடநம்பிக்கையைச் சாடியவரும் அவரே ஆதலால், அவர் அஞ்சியது நம்பிக்கையின் மாற்றத்துக்கு அன்று, நினைவின் அழிவுக்கு என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

2019 மே மாதம் அவர் மறைந்தார். ஒலி ஓர் எழுத்திலிருந்து இன்னோர் எழுத்துக்கு மாறும்போது எழுதுவோரின் பழக்கமும் உடன் கலந்துவிடும். தேங்காப்பட்டணத்துச் சொல் எங்கே திருத்தம் பெற்றது, எங்கே தப்பியது என்பதை ஆராய வேண்டுமாயின், அவர் கைப்பட எழுதிய மலையாள எழுத்துத் தாள்களைத் தேடிச் சேர்த்து அச்சுப் பிரதியோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பதிப்பிக்க வேண்டும். இரு எழுத்தும் அறிந்து, அவ்வூர்ப் பேச்சையும் செவியில் வைத்திருக்கும் ஒருவரே அதனைச் செய்ய இயலும்.