பாக்கியத்தின் வாயில் என் பேச்சு

‘சார்பட்டா பரம்பரை’ 2021 ஜூலையில் ஓடிடியில் வந்ததும் டான்சிங் ரோஸ் பெரிய ஆளாகிவிட்டார். இடியாப்ப பரம்பரைக்காரர், கபிலனிடம் தோற்பவர், படத்தில் வருவதே கொஞ்ச நேரம்தான். அவருக்கு வீடு எங்கே, குரு யார், தோற்ற அன்றைக்கு ராத்திரி என்ன செய்திருப்பார் என்று ஆளாளுக்குக் கதை கட்டினார்கள். ஃபேன் ஃபிக்‌ஷன் நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. ‘பொன்னியின் செல்வ’னுக்குத் தொடர்ச்சியாக விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’ எழுதவில்லையா?

நானும் ஒன்று எழுதினேன். எனக்கு ரோஸ் வேண்டாம், கபிலனின் அம்மா பாக்கியம் போதும் என்று தோன்றியது. கணவர் முனிரத்தினம் குத்துச்சண்டையில் பேர் வாங்கி, அப்புறம் ரவுடியாகி, கொலையாகிப் போனவர். அதனால் மகன் அந்தப் பக்கமே தலை வைக்கக் கூடாது என்று நிற்பவள். சண்டை நடக்கும் ஒரு ராத்திரியை அவள் வாயாலேயே சொல்ல வைத்தேன். மொத்தம் மூன்று பக்கம்.

திருவொற்றியூரில் எங்கள் தெருவில் ஒரு அத்தை இருக்கிறார், பிறந்தது ராயபுரம். அவரிடம் படித்துக் காட்டினேன். பாதியிலேயே நிறுத்தச் சொன்னார்.

“இன்னா கண்ணு, செத்துப்போன புருசன் பேர மூச்சுக்கு மூச்சு சொல்லிக்கினு கீறா?”

நான் முழித்தேன்.

“இன்னாத்துக்கு இவ்ளோ கஸ்மாலம், பேமானி? எங்கூட்ல யாருன்னா இப்டி பேசிப் பாத்துகிறியா நீ?”

பார்த்ததில்லை. அப்படியானால் அந்தப் பேச்சை எங்கிருந்து எடுத்தேன்? சினிமாவிலிருந்து. 1958இல் வந்த ‘சபாஷ் மீனா’வில் ரிக்‌ஷாக்காரராக சந்திரபாபு பேசியது, பிறகு லூஸ் மோகன் படம் படமாகப் பேசியது, எல்லாம் சேர்ந்து காதில் உட்கார்ந்திருக்கிறது. சந்திரபாபுவைக் குறை சொல்ல மாட்டேன், அசாத்தியக் கலைஞர். ஆனால் அந்தக் காமெடியெல்லாம் வெளியே நின்று கேட்டுச் சிரிக்கிறவருக்காகப் பேசப்பட்டது. பாக்கியத்துக்குத் தன் பேச்சு ‘மெட்ராஸ் பாஷை’ என்று தெரியாது, அவளுக்கு அது வெறும் பேச்சு. வரிக்கு வரி ‘கஸ்மாலம்’ தூவியபோது கதைக்குள் அவள் குரல் இல்லை, அவளை வேடிக்கை பார்க்கும் என் காதுதான் இருந்தது. பா. ரஞ்சித்தும், உடன் எழுதிய தமிழ்ப்பிரபாவும் அந்தப் பேச்சில் கோபம், மானம், காதல் எல்லாவற்றையும் சிரிப்பு மூட்டாமல் பேச வைத்தார்கள். ரசிகன் நான் அதைத் திரும்பக் காமெடி டிராக்குக்கே கொண்டுபோய்விட்டேன். வெட்கமாக இருந்தது.

அத்தை சொன்னதில் எனக்கு முக்கியமாகப் பட்டது பேர் விஷயம்தான். பாக்கியம் ‘முனிரத்தினம்’ என்று சொல்ல மாட்டாள். ‘கபிலன் அப்பா’ என்பாள், கோபம் வந்தால் ‘அந்தாளு’ என்பாள். ஊரே ‘வாத்தியார்’ என்று கூப்பிடும் ரங்கனை அவள் மனசுக்குள் என்னவென்று சொல்வாள்? தன் புருசனைச் சண்டைக்காரனாக்கிய உலகத்தின் ஆள் அவர். வெற்றிச்செல்வனுக்கு இது இன்னும் சிக்கல். பெற்ற அப்பாவே தன்னை விட்டுவிட்டுக் கபிலனைக் களத்தில் இறக்குகிறார். அந்த நிமிஷத்தில் அவன் நெஞ்சில் ஓடும் சொல் ‘அப்பா’வா, ‘வாத்தியாரா’? எழுதுகிறவர் இதை முடிவு செய்துவிட்டால் மீதி வாக்கியங்கள் பாதி தானாக வந்துவிடும். ‘ஜேன் அயர்’ நாவலில் மாடியில் அடைத்து வைக்கப்பட்ட முதல் மனைவியை எடுத்துக்கொண்டு ஜீன் ரீஸ் 1966இல் ‘வைட் சர்காசோ ஸீ’ எழுதினார். அதில் அன்ட்வானெட் என்ற பெண்ணைப் புருசன் பெர்த்தா என்று கூப்பிட ஆரம்பிக்கிறான். அந்த ஒரு பேர் மாற்றத்திலேயே அவன் பார்வை முழுக்கத் தெரிந்துவிடுகிறது. இத்தனைக்கும் ரீஸ் அவனுக்கும் நிறையப் பக்கம் கொடுத்து அவன் வாயாலேயே பேச விட்டிருக்கிறார்.

இன்னொரு தப்பு என் கண்ணில் படவே ரொம்ப நாள் ஆனது. கபிலன் இடது கையால் எப்படிக் குத்தினான், எதிராளி எந்தப் பக்கம் சாய்ந்தான் என்று பாக்கியம் கமென்ட்ரி சொல்லிக்கொண்டிருந்தாள். சண்டையென்றாலே வெறுப்பவளுக்கு அது எப்படித் தெரியும்? கயிறுக்குள் புகுந்து பார்த்தது கேமரா. நான் கேமராவின் இடத்தில் உட்கார்ந்துகொண்டு அவள் குரலில் பேசியிருக்கிறேன். அவளுக்குக் கிடைப்பது தூரத்துச் சத்தம், தெருவில் ஓடுகிற பையன்கள், நேரங்கழித்து வருகிற மகனின் வீங்கிய உதடு. மறுநாள் துவைக்கும்போது சட்டைக் காலரில் போகாத கறை. இதை வைத்துக்கொண்டே அவள் முழுச் சண்டையையும் கணக்குப் போட்டுவிடுவாள், ஏனென்றால் ஏற்கெனவே ஒருத்தருக்குத் துவைத்துப் போட்டவள்.

போகிற போக்கில் ஒன்று. கபிலன் துறைமுகத்துக்கு வேலைக்குப் போகும் வழியில் கன்டெய்னர் லாரி வரிசையாக நிற்பதாகவும் எழுதியிருந்தேன். கதை நடப்பது எழுபதுகளின் நடுவில், சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னர் முனையம் வந்தது 1983இல். எண்ணூர் நெடுஞ்சாலையில் தினமும் அந்த வரிசைக்குள் மாட்டிக்கொள்வது நான், கபிலன் இல்லை.

திருத்தி எழுதும்போது மறுபடி அத்தையிடம் போனேன். உதடு கிழிந்து வந்து நிற்கும் மகனிடம் அவள் முதலில் என்ன பேசுவாள் என்று கேட்டேன். நான் எழுதி வைத்திருந்தது பதினோரு வரி.

“இன்னா பேசுவா? துன்னியான்னு கேப்பா.”

பதினோரு வரியையும் அடித்துவிட்டேன். மூன்று பக்கம் இப்போது ஒன்றரைப் பக்கமாகியிருக்கிறது. வெற்றிச்செல்வனை இன்னும் தொடவில்லை.