மணலும் திரையும்: கல்வித் தொழில்நுட்பத்தின் வரையறையும் வகுப்பறை மதிப்பீடும்

ஆய்வுச் சுருக்கம்

கல்வித் தொழில்நுட்பம் கருவி மட்டுமன்று, செயல்முறையுமாகும் என வரையறைகள் கூறுகின்றன. ஆயினும் அதன் பயனை மதிப்பிடும் ஆய்வேடுகள் பெரும்பாலும் கருவியையே அளக்கின்றன. இம்முரணை, இன்றைய குமரி மாவட்டப் பகுதியில் வழங்கிய மணலெழுத்துப் பயிற்சியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

குறிச்சொற்கள்: கல்வித் தொழில்நுட்பம், குடிப்பள்ளிக்கூடம், மணலெழுத்து, செயல்வழிக் கற்றல், நாஞ்சில் நாடு

வரையறையும் அளவீடும்

அமெரிக்காவின் கல்வித் தொடர்பியல், தொழில்நுட்பக் கழகம் 2008இல் வெளியிட்ட வரையறை, தகுந்த தொழில்நுட்பச் செயல்முறைகளையும் வளங்களையும் உருவாக்கி, பயன்படுத்தி, மேலாண்மை செய்து கற்றலுக்குத் துணைபுரியும் ஆய்வாகவும் அறநெறி சார்ந்த நடைமுறையாகவும் கல்வித் தொழில்நுட்பத்தைக் காண்கிறது. 'செயல்முறை' என்பது 'வள'த்திற்கு முன் நிற்பதும், 'தகுந்த' என்னும் அடையும் கருதத்தக்கன. கல்வியியல் ஆய்வேடுகளின் தொடக்க இயல்களில் இத்தகைய வரையறைகளை எடுத்தாள்வது வழக்கம். பகுப்பாய்வு இயலை எட்டும்போது அவை மறக்கப்பட்டுவிடுகின்றன. அங்கே ஒரு குழுவிற்குப் பல்லூடகத் தொகுப்பு, மற்றொரு குழுவிற்கு 'மரபுவழிக் கற்பித்தல்'. முன்தேர்வு, பின்தேர்வு, டி-மதிப்பு. தொகுப்பு பயனுடையது என்னும் முடிவு. பாடம் மறுவரிசைப்படுத்தப்பட்டமை, கூடுதல் பயிற்சி, ஆய்வாளர் உடனிருந்தமை, புதுமையின் ஈர்ப்பு ஆகிய அனைத்தின் விளைவும் திரையின் கணக்கிலேயே சேர்க்கப்படுகிறது. ரிச்சர்டு கிளார்க் 1983இலேயே இக்குழப்பத்தைச் சுட்டினார். சரக்கு ஏற்றிவரும் வண்டி உணவின் ஊட்டத்தைக் கூட்டுவதில்லை என்பது அவர் காட்டிய உவமை. ராபர்ட் கோஸ்மா 1991இல் இதனை மறுத்து, ஊடகத்தின் இயல்புகள் கற்பவரின் அறிவுச் செயலோடு இணையும்போது பயன் விளைகிறது என வாதிட்டார்.

மணலெழுத்தின் இயல்பு

இவ்விவாதத்திற்கு நாஞ்சில் நாடு உள்ளிட்ட தென்திருவிதாங்கூரில் பழஞ்சான்று உண்டு. குடிப்பள்ளிக்கூடத்தில் ஆசான் முதலில் மாணவனின் விரலைப் பிடித்து மணலில் எழுதச் செய்தார். ஓலையும் எழுத்தாணியும் பின்னரே தரப்பட்டன. இவ்வரிசைமுறை ஆழ்ந்து நோக்கத்தக்கது. ஓலையில் கீறியதை அழிக்க இயலாது. மணலில் பிழை அக்கணமே தெரியும், அக்கணமே அழியும், எழுத்தின் வடிவமோ விரலில் பதியும். பிழைக்கு இடந்தரும் பரப்பை முன்னும், இடந்தராப் பரப்பைப் பின்னும் வைத்த இத்திட்டமே தொழில்நுட்பம். மணல் அதன் வளம் மட்டுமே. பிற்காலத்தில் மணலின் இடத்தைச் சிலேட்டு பெற்றபோதும் அழித்தெழுதும் இயல்பு தொடர்ந்தது. பொருள் மாறலாம் என்பதில் கிளார்க்கும், இயல்பு முதன்மையானது என்பதில் கோஸ்மாவும் இங்கே ஒருசேர மெய்ப்படுகின்றனர்.

சென்னை எழும்பூர் ஆதரவற்றோர் விடுதிப் பள்ளியின் பொறுப்பை 1789இல் ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ச் சிறுவர் மணலில் எழுதியதைக் கண்டு அதனைத் தம் பள்ளியில் புகுத்த முனைந்தார். ஆசிரியர்கள் ஒத்துழைக்காத நிலையில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே கற்பிக்கச் செய்தார். 1797இல் இலண்டனில் அவர் வெளியிட்ட நூலின்வழி இது 'மதராஸ் முறை' எனப் பெயர்பெற்றது. மாணவனே மாணவனுக்குக் கற்பிக்கும் வழக்கத்தைச் 'சட்டாம்பிள்ளை' என்னும் தமிழ்ச்சொல் இன்றும் நினைவூட்டுகிறது. ஆயினும் இவற்றைப் பெருமிதத்தோடு மட்டும் எழுதுவது முறையன்று. அக்காலப் பள்ளிக்கூடங்களின் வாயில் சாதியால் ஒடுக்கப்பட்டோர்க்கு அடைக்கப்பட்டிருந்தது. எவ்வளவு நுட்பமான முறையாயினும், வரையறையில் இடம்பெறும் 'அறநெறி' என்னும் சொல்லின்முன் அது தோற்றுப்போகிறது.

இன்றைய வகுப்பறை

2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007இல் மாநிலமெங்கும் விரிவாக்கப்பட்ட செயல்வழிக் கற்றல், அட்டைகளும் கற்றல் ஏணியும் தாழ்வான கரும்பலகைகளும் கொண்டது. மின்சாரம் வேண்டாத இத்திட்டம் 2008ஆம் ஆண்டு வரையறைக்கு முற்றும் பொருந்தும். எனினும் ஆய்வுலகம் அதனைக் 'கற்பித்தல் முறை' என்றே வகைப்படுத்தியது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டமும் 2019இல் ஒளிபரப்பைத் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியும் மட்டும் எவ்வித வினாவுமின்றித் தொழில்நுட்பம் ஆயின.

திறன்பலகையிலும் எழுதியதை அழிக்கலாம். ஆனால் ஒருவர் எழுத நாற்பதுபேர் பார்த்திருக்கும் வகுப்பில் மற்றவர்தம் பிழைகள் வெளிப்படுவதேயில்லை. பாடக் காணொளி 'மரவள்ளிக்கிழங்கு' என்று சொல்லும்போது, 'மரச்சீனி' என்றே அறிந்த விளவங்கோட்டுக் குழந்தையின் முகத்தில் தோன்றும் திகைப்பை ஆசிரியர் கண்டு ஒரு சொல்லில் நீக்கிவிடுவார். காணொளியோ அடுத்த காட்சிக்குச் சென்றுவிடும். கைபேசி அலை எட்டாத பேச்சிப்பாறை மலைப்பகுதிக் காணிக்காரர் குடியிருப்பிலோ, அக்காணொளி தொடங்கவேயில்லை.

எனவே மதிப்பீட்டில் அளக்கவேண்டியவை வேறு. ஒரு பாடவேளையில் எத்தனை மாணவர் தாமே செய்து பார்த்தனர், பிழைக்கும் திருத்தத்திற்கும் இடையே கழிந்த நேரம் எவ்வளவு, யார் விடுபட்டனர் என்பன பதிவுபெற வேண்டும். ஒப்பீட்டுக் குழுவிற்கும் அதே ஆசிரியர், அதே பாட வரிசை, அதே அளவு பயிற்சி அமைந்த பின்னரே திரையின் தனிப்பங்கு தெரியவரும். இவ்வாறு ஆய்ந்தால் பல இடங்களில் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்னும் முடிவே கிடைக்கக்கூடும். அத்தகைய முடிவோடு ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க மாணவர் அஞ்சுகின்றனர், நெறியாளரும் தயங்குகின்றனர். கருவியை அளக்கும் ஆய்வுகள் பெருகியதற்கு வரையறையின் குறைபாட்டைவிட இவ்வச்சமே பெருங்காரணம்.