எண்ணிம நூற்பட்டியல்களில் கால வரம்புத் தேடல்: ஒரு மதிப்பீடு

முன்னுரை

எண்ணிம நூலகங்களின் இணையச் செயலிகளில் தொடக்க ஆண்டையும் முடிவு ஆண்டையும் உள்ளிட்டால் அக்காலத்து நூல்கள் பட்டியலாகக் கிடைக்கின்றன. அப்பட்டியலைக் கொண்டு பதிப்பு வரலாறு எழுதப்படும்போது, விடுபட்டவை எவை என்னும் வினா முதன்மை பெறுகிறது. வழக்கிலுள்ள வடிகட்டல் முறை தமிழ் நூல்களின் காலக்குறிப்பு மரபுக்குப் பொருந்துமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

நாளும் கால எல்லையும்

தரவுத்தளத்தின் தேதிப் புலம் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே நாளை எதிர்பார்க்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் நூல்கள் பலவற்றின் முகப்புப் பக்கமோ அறுபதாண்டு வட்டத்தின் ஆண்டுப்பெயரைத் தருகிறது. ‘விளம்பி’ என்பது 1838-39ஐயும் குறிக்கும், 1898-99ஐயும் குறிக்கும். பிற சான்றுகளால் பிந்தையதே என உறுதிப்பட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. சித்திரையில் பிறந்த அவ்விளம்பியின் தை மாதம் 1899 சனவரியில் வருகிறது. ஆண்டு மட்டும் தெரிந்த நிலையில் ‘1898 சனவரி 1’ எனப் பதிந்தால், விளம்பி பிறப்பதற்கு முந்தைய நாள் ஒன்று நூலின் பதிப்பு நாளாகிவிடுகிறது.

வெற்றுப் புலம்

காலம் அறியப்படாத நூலுக்குப் புலத்தை வெறுமையாக விடுவதே நேர்மை. ஆயினும் எஸ்.கியூ.எல். மொழியில் வெற்று மதிப்போடு செய்யும் ஒப்பீடு மெய்யும் ஆகாது, பொய்யும் ஆகாது. எனவே அப்பதிவு ‘1900க்கு முன்’ என்னும் தேடலிலும் ‘1900 முதல்’ என்னும் தேடலிலும் இடம்பெறாது. இரு விடைகளையும் கூட்டினாலும் மொத்த நூல்தொகை கிட்டாது. இவ்விடுபாட்டைத் திரை அறிவிக்காதபோது, காலக்குறிப்பின் இன்மை நூலின் இன்மையாகத் திரிகிறது.

முடிவுரை

முகப்புப் பக்கக் குறிப்பை உள்ளவாறே ஒரு புலத்திலும், இயலக்கூடிய முந்தைய நாளையும் பிந்தைய நாளையும் இரு புலங்களிலும் பதிதல் வேண்டும். வட்டம் உறுதிப்படாத நூலுக்கு இத்தகைய இணைகள் ஒன்றுக்கு மேற்பட்டு அமையலாம். நூலின் முந்தைய நாள் தேடலின் முடிவுக்குப் பிற்படாமலும், பிந்தைய நாள் தேடலின் தொடக்கத்திற்கு முற்படாமலும் இருப்பின் அது விடையில் சேரும். ஐயத்திற்குரிய தேதிகளைக் குறிக்கும் வழிமுறையை ஐ.எஸ்.ஓ. 8601-2:2019 தரமும் வழங்குகிறது. இம்முறையில் ஒரே நூல் அடுத்தடுத்த இரு காலப்பகுதிகளிலும் தோன்றலாம். எண்ணிக்கை செய்வோர் அதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். எனினும் மிகையாகத் தோன்றும் நூலை ஆய்வாளர் கண்டு நீக்கலாம். தோன்றாத நூலை அவர் தேடவே மாட்டார். ஆதலின் ஒவ்வொரு விடையோடும் காலமறியா நூல்களின் எண்ணிக்கையையும் காட்டுதல் நூற்பட்டியலின் கடமையாகும்.